பாடு, மாடு, வாடு: ஆறு சனிக்கிழமை நடந்த ஓர் உச்சரிப்பு வகுப்பு

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில், பெரியவர்களுக்கான தமிழ் உச்சரிப்பு வகுப்பு ஒன்று சனிக்கிழமைதோறும் காலை 10 மணி முதல் 12 மணி வரை நடக்கிறது. கட்டணம் 180 வெள்ளி, ஆறு வாரம். சென்ற மாதம் அதை முடித்தேன். எங்கள் குழுவில் பதினொரு பேர் இருந்தோம். பாடத்திட்டத்தை முதலில் பார்த்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. ஆறு வாரத்தில் மூன்று வாரத்தை உதட்டில் பிறக்கும் ஒலிகளுக்கே ஒதுக்கியிருந்தார்கள், நம்மவர்கள் எல்லாரும் கவலைப்படும் ழகரத்துக்கோ ஒரே வாரம்தான் கிடைத்திருந்தது. இப்போது அந்த ஒதுக்கீடு சரி என்றே நினைக்கிறேன். ழகரத்தில் நாக்கு செய்யும் வேலை வாய்க்குள் மறைந்திருக்கிறது. பகரத்திலும் மகரத்திலும் வகரத்திலும் உதடு செய்யும் வேலை வெளியே தெரிகிறது. கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளக் கூடிய இடத்தில் பயிற்சியைத் தொடங்கியதுதான் இந்த வகுப்பின் பெரிய பலம்.

நான் சேர்ந்ததற்குக் காரணம் தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகன். அவன் "வணக்கம்" என்று சொல்லும்போது உதட்டைக் குவித்து, ஆங்கிலத்தின் 'டபிள்யூ' எழுத்தைச் சொல்வது போலத் தொடங்குவான். வாய்மொழித் தேர்வுக்கு வீட்டில் வாசிக்க வைக்கும்போதெல்லாம், "அப்படி இல்லைடா, நான் சொல்றதைக் கேளு" என்று நானும் பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறேன். அவனும் கேட்டுவிட்டு முன்பு சொன்னபடியே சொல்வான். ஆங்கிலத்தின் 'வி', 'டபிள்யூ' இரண்டையும் பள்ளியில் நாள் முழுவதும் கேட்கும் காதுக்கு, இரண்டிலும் சேராத நம் வகரம் தனியாகப் பிடிபடுவதில்லை. அதை நான் அறியாமல் குரலை மட்டும் உயர்த்திக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் ஆளுக்கொரு சிறிய கண்ணாடியும் மெல்லிய காகிதத் துண்டும் கொடுத்தார்கள். ஆசிரியை ஒரு காணொளியை ஒலியில்லாமல் ஓடவிட்டு, அதில் பேசுபவர் "பாடு", "மாடு", "வாடு" என்ற மூன்றில் எதைச் சொல்கிறார் என்று எழுதச் சொன்னார். "வாடு" என்பதை எல்லாரும் கண்டுபிடித்துவிட்டோம். "பாடு", "மாடு" இரண்டையும் ஒருவராலும் பிரித்தறிய முடியவில்லை. படி, மடி, வடி என்று மாற்றிக் காட்டியபோதும் அதே கதைதான். பகரத்துக்கும் மகரத்துக்கும் உதடு செய்யும் வேலை ஒன்றே; வேறுபாடு உதட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணும் காதும் சேர்ந்தே பேச்சை வாங்குகின்றன என்பதைக் காட்டும் புகழ்பெற்ற சோதனை ஒன்றையும் அன்று செய்து காட்டினார். 1976இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டு உதடும் ஒட்டிப் பிறக்கும் 'பா' ஒலியை, உதடே ஒட்டாத 'கா' ஒலியைச் சொல்லும் வாயின் படத்தோடு இணைத்துக் காட்டினால், பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டுமல்லாத 'டா' போன்ற மூன்றாவது ஒலி கேட்கிறது. கண்ணை மூடினால் 'பா', திறந்தால் 'டா'. எனக்கும் அப்படியே கேட்டது.

இதற்குப் பிறகுதான் வகைப்பாட்டுக்குப் போனோம். தொல்காப்பியத்தின் பிறப்பியல் இந்த மூன்று எழுத்துக்கும் இரண்டே அடிகளைச் செலவிடுகிறது: "இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்", "பல் இதழ் இயைய வகாரம் பிறக்கும்." பகர மகரத்துக்கு உதட்டோடு உதடு, வகரத்துக்குப் பல்லோடு உதடு. இன்றைய ஒலியியல் இவற்றை ஈரிதழ் ஒலி என்றும் இதழ்ப்பல் ஒலி என்றும் பிரிக்கும் கோடு அந்த இரண்டு அடிகளுக்கு நடுவே அப்படியே ஓடுகிறது. எந்தப் பல் என்பதை நன்னூல் "மேற்பல்" என்று இன்னும் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. எங்கே பிறக்கிறது என்பது ஒரு கேள்வி என்றால், காற்று எப்படி வெளியேறுகிறது என்பது மற்றொரு கேள்வி. அதற்கும் நம்மிடம் விடை இருக்கிறது: ப வல்லினம், ம மெல்லினம், வ இடையினம். மூன்று இனத்துக்கும் ஒவ்வோர் எழுத்தை உதடு கொடுத்திருக்கிறது. பள்ளியில் இந்த இனப் பிரிவை மனப்பாடம் செய்தபோது இது ஓசையின் வன்மை மென்மை பற்றிய வருணனை என்றுதான் நினைத்திருந்தேன். காற்றை முழுவதும் அடைத்துத் திறப்பது, வாயை அடைத்து மூக்கு வழியே விடுவது, அடைக்காமல் இடுக்கு வழியே நழுவவிடுவது என்று கண்ணாடிக்கு முன்னால் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தபோதுதான் அந்தப் பெயர்கள் எனக்குப் பொருள்பட்டன.

பகரத்துக்கு ஒரு முழு வாரம். காகிதத் துண்டை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு "பால்" என்று சொன்னால் அது அசையக் கூடாது, அசைந்தாலும் இலேசாகத்தான் அசைய வேண்டும். ஆங்கிலச் சொல்லான "பார்க்" என்பதை ஆங்கிலேயர் சொல்வது போலச் சொன்னால் துள்ளும். அடைப்பைத் திறந்தவுடன் உயிரெழுத்தின் குரல் தொடங்கிவிட்டால் அது நம் பகரம். திறந்த பிறகு ஒரு மூச்சு தனியாக வெளியேறி, அதன் பின்னர் குரல் தொடங்கினால் அது ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் 'பி' எழுத்தின் ஒலி. எங்கள் குழுவில் தமிழரை மணந்த சீனப் பெண் ஒருவர் இருந்தார். கணவர் வீட்டில் "பாட்டி" என்று அழைக்கும்போதெல்லாம் காகிதம் பறக்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். ஆசிரியை அவரிடம் மாண்டரினில் எட்டு என்ற எண்ணைச் சொல்லச் சொன்னார். அவர் சொன்னார், காகிதம் அசையவில்லை. "அதுதான்மா தமிழ்ப் பகரம், உங்க வாயில ஏற்கெனவே இருக்கு," என்றார் ஆசிரியை. மாண்டரினில் இந்த இரண்டு ஈரிதழ் அடைப்பொலிகளும் மூச்சு இருக்கிறதா இல்லையா என்பதால் மட்டுமே வேறுபடுகின்றன. குரல்நாண் அதிர்வு இரண்டிலும் இல்லை. அவர் இவ்வளவு நாளும் தவறான ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த நிமிடமே "பாட்டி" என்று அவர் சொன்னது, நான் என் பாட்டியை அழைப்பது போலவே இருந்தது. கட்டணத்தில் பாதி அந்த ஒரு காட்சிக்கே தகும்.

தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு "பாம்பு" என்று சொல்லச் சொன்னார்கள். முதல் பகரத்தில் அதிர்வு இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. "தப்பு" என்றால் இல்லை, "தம்பி" என்றால் உண்டு. "தீபாவளி" என்று வேகமாகச் சொல்லும்போது உதடு முழுவதும் ஒட்டுவதுகூட இல்லை. ஒரே எழுத்து, இடத்துக்கேற்ப வெவ்வேறு ஒலி. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் அதிர்வில்லாமலும், மகரத்தை அடுத்து அதிர்வோடும், இரண்டு உயிருக்கு நடுவே தளர்ந்தும் அது வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் தமிழுக்குத் தனித்தனி எழுத்துத் தேவைப்படவில்லை. சிக்கல் வேற்றுமொழிச் சொற்களில்தான் வருகிறது. பெருவிரைவு ரயிலில் பூகிஸ், பொங்கோல் என்ற இரண்டு பெயரையும் ஒரே எழுத்தில் தொடங்குகிறோம். முதலாவதற்குத் தொண்டை அதிர வேண்டும், இரண்டாவதற்குக் கூடாது. ஊரை அறிந்தவருக்குக் குழப்பமில்லை. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருபவர் பலகையைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று தயங்கினால் அது அவர் குற்றம் அல்ல.

மகரத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று சொல்லும் பயிற்சி. சொல்ல முடியாது, அதிர்வுடைய பகரம் போன்ற ஒன்றுதான் வரும், சளி பிடித்தவர் பேசுவது போல. மெல்லண்ணம் தாழ்ந்து மூக்குக்கு வழிவிடுவதுதான் மகரம், அந்த வழி அடைபட்டால் பகரத்தின் பக்கம் போய்விடுகிறது. "மூக்கின் வளியிசை" என்று தொல்காப்பியம் சொல்வது இதைத்தான். எனக்கு அதைவிடப் பயன்பட்டது வேறொன்று. "மரம்", "பணம்" என்று நாம் பேச்சில் சொல்லும்போது கடைசி மகரத்தில் உதடு ஒட்டுவதே இல்லை என்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். உயிரெழுத்து மூக்கில் ஒலிக்கிறது, உதடு இலேசாகக் குவிகிறது, அவ்வளவுதான். பேச்சில் அது இயல்பு. மேடையில் வாசிக்கும்போதோ தேர்வில் வாசிக்கும்போதோ உதடு மூடியாக வேண்டும். என் மகன் வாசிப்பில் சொற்கள் "விழுங்கப்படுகின்றன" என்று பள்ளியில் குறிப்பு எழுதியிருந்தார்கள். எவை விழுங்கப்படுகின்றன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. மகரத்தில் முடியும் சொற்களை மட்டும் கண்ணாடி பார்த்து வாசிக்க வைத்தேன். விடை அங்கே இருந்தது.

இனி வகரம். இங்கே வகுப்பின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. இரண்டாம் வாரம் கொடுத்த அச்சுத் தாளில் "இரண்டு உதடும் சேர்ந்து பிறப்பவை: ப, ம, வ" என்று போட்டிருந்தது. வாயால் சரியாகச் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் பாடத்துக்கும், முதல் நாள் அவரே பலகையில் எழுதிய தொல்காப்பிய அடிக்கும் இது முரண். நான் சுட்டிக்காட்டியபோது உடனே ஒப்புக்கொண்டு எல்லாருடைய தாளிலும் பேனாவால் திருத்தச் சொன்னார். ஆனால் நான்காம் வாரத் தாளிலும் அதே பட்டியல் திருத்தப்படாமல் வந்தது. பணம் வாங்கி நடத்தும் வகுப்பில், அதுவும் பிறப்பிடத்தையே பாடமாக வைத்திருக்கும் வகுப்பில், இந்தத் தவறு நிற்கக் கூடாது.

பாடம் என்னவோ அருமையாக இருந்தது. கீழுதட்டின் உள்விளிம்பு மேற்பல்லை மெல்லத் தொட வேண்டும். அழுத்தினால் காற்று உரசி ஆங்கிலத்தின் 'வி' வந்துவிடும். இரண்டு உதட்டையும் குவித்து, நாக்கின் பின்பகுதியையும் உயர்த்தினால் 'டபிள்யூ' வந்துவிடும். தமிழ் வகரம் இவற்றுக்கு நடுவே, உரசலும் இல்லாமல் குவிதலும் இல்லாமல் இருக்கிறது. இடையினம் என்ற பெயர் இங்கே முழுக்கப் பொருந்துகிறது. "வரம்", "விழா", "வேலை" ஆகிய சொற்களைச் சொல்லும்போது மேற்பல்லின் நுனி கண்ணாடியில் தெரிய வேண்டும் என்பதுதான் எங்களுக்குக் கொடுத்த அளவுகோல். பல் தெரியாவிட்டால் உதடு குவிந்துவிட்டது என்று பொருள். இதைவிட எளிய அளவுகோலை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல முடியாது.

தமிழ் இந்த எழுத்தை எவ்வளவு நுட்பமாகக் கையாள்கிறது என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன். உ, ஊ, ஒ, ஓ என்ற நான்கு உயிரும் வகரத்தோடு சேர்ந்து சொல்லின் முதலில் வருவதில்லை என்பது தொல்காப்பிய விதி. உதடு குவிந்து பிறக்கும் உயிர்கள் அவை. அவற்றுக்கு முன்னால் இன்னோர் உதட்டொலியை வைத்தால் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். விதி எழுதிய காலத்தோடு இது முடிந்துவிடவில்லை. ஆங்கிலத்தின் 'வோட்' நம்மிடம் வந்து "ஓட்டு" ஆயிற்று. வடக்கே ஜொகூர் பாலத்தை ஒட்டிய நகருக்கு நாம் தமிழில் எழுதும் பெயர் உட்லண்ட்ஸ். அந்த வழியாக எத்தனையோ தடவை போய்வந்திருக்கிறேன், முதலில் வகரம் ஏன் இல்லை என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. "பூ" என்பதோடு "அழகு" சேரும்போது நடுவே வகரம் வந்து "பூவழகு" ஆவதும் ஊகாரத்தில் குவிந்த உதடு விரியும் வழியில் தானாகப் பிறப்பதுதான் என்று ஆசிரியை சொன்னார். அதை நான் அரை மனத்தோடுதான் ஏற்றேன். "பல" என்பதோடு "அணி" சேர்ந்தாலும் "பலவணி" என்று வகரமே வருகிறது, அகரத்தில் உதடு குவிவதில்லையே. இதற்கு அவர் நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

வகுப்பில் மிகவும் சூடான விவாதம் பேச்சுத் தமிழைப் பற்றி எழுந்தது. அறுபது வயதைக் கடந்த ஒருவர், "பொட்டி, புள்ளைன்னு சொல்றதெல்லாம் தப்புத்தானே டீச்சர்? பசங்க கேட்டுக் கெட்டுப் போறாங்க," என்றார். ஆசிரியை, "தப்புன்னு சொல்லாதீங்க ஐயா, எழுதும்போது பெட்டி, பேசும்போது உதடு முந்திக்குது," என்று சொல்லிவிட்டுப் பலகையில் இரண்டு வரிசை எழுதினார். ஒன்றில் பெட்டி, பிள்ளை, பெண், பிடி, மிளகாய். அவை பேச்சில் பொட்டி, புள்ளை, பொண்ணு, புடி, மொளகா ஆகின்றன. மற்றொன்றில் கிளி, கெட்டி, பித்தளை, பின்னால். இவற்றில் எந்த மாற்றமும் இல்லை. வேறுபாடு என்ன என்று எங்களையே கண்டுபிடிக்கச் சொன்னார். சிறிது நேரம் கழித்துப் பின்வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர் சொன்னார்: முதல் வரிசையில் எல்லாமே ப அல்லது ம என்று உதட்டில் தொடங்கி, இகரமோ எகரமோ வந்து, அதன் பின் ட, ண, ள என்று நாக்கு மேலே வளையும் எழுத்தில் போய் நிற்கின்றன. "கிளி"யில் பின்னால் ளகரம் இருக்கிறது, முன்னால் உதட்டெழுத்து இல்லை. "பித்தளை"யில் முன்னால் உதட்டெழுத்து இருக்கிறது, அடுத்து வருவதோ தகரம். இரண்டும் கூடினால்தான் உயிர் குவிகிறது. சிலர் "வீடு" என்பதை "வூடு" என்பதும் இதே வழியில்தான். தெருவில் பேசும் பேச்சுக்குள் இவ்வளவு ஒழுங்கான இலக்கணம் ஓடுகிறது என்பதைப் பார்த்து அந்தப் பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ என் ஆத்தா சரியாத்தான் பேசியிருக்கா," என்றார். அவர் குரலில் இருந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். "ஒன்பது" பேச்சில் "ஒம்பது" ஆவதையும் ஆசிரியை அதே மூச்சில் விளக்கினார்: அடுத்து வரும் பகரத்துக்காக உதடு முன்கூட்டியே மூடிக்கொள்வதால் னகரம் மகரமாகிறது.

திருக்குறளின் துறவு அதிகாரத்தில் முதல் குறளும் கடைசிக் குறளும் பயிற்சிக்கு வந்தன. "யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்" என்பதில் உதடு ஒட்டாது என்று மேடைகளில் கேட்டிருப்போம். ஒட்டாதது உண்மை; ஆனால் "நோதல்" என்னும்போது உதடு குவிகிறது என்பதைக் கண்ணாடி காட்டியது. குவியும் உயிர்களையும் விலக்கிப் பாடும் நிரோட்டகத்தின் கண்டிப்பான இலக்கணப்படி அது சேராது. "பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு" என்பதில் உதடு எத்தனை முறை ஒட்டுகிறது என்று கேட்டார்கள். எழுத்தை எண்ணி எட்டு என்றோம். வாயை எண்ணினால் ஆறுதான். "அப்ப" என்பதில் இரண்டு பகரத்துக்கு ஒரே அடைப்பு, "றைப் பற்று" என்பதிலும் அப்படியே. இரட்டித்த மெய் என்றால் நீண்ட நேரம் மூடியிருக்கும் ஒற்றை அடைப்பு என்பதை இதைவிட நன்றாக விளக்கிவிட முடியாது.

ஐந்தாம் வாரம் அனைத்துலக ஒலிப்பு அட்டவணையைக் காட்டினார்கள். 1886இல் பாரிசில் தொடங்கிய கழகம் பராமரிப்பது அது. உதட்டில் தொடங்கித் தொண்டையை நோக்கிப் போகும் அந்த வரிசை, க ச ட த ப என்று உள்ளிருந்து உதட்டுக்கு வரும் நம் வரிசைக்கு நேர்மாறு என்பதைப் பார்க்க இனிமையாக இருந்தது. கீழுதடு மேற்பல்லை ஒரு தட்டுத் தட்டிப் பிறக்கும் இதழ்ப்பல் வருடொலிக்கு 2005இல்தான் அதில் குறியீடு சேர்ந்தது என்பதும், அரபியில் பகரம் இல்லை என்பதும், வட அமெரிக்கப் பழங்குடி மொழியான மோஹாக்கின் சொந்தச் சொற்களில் ப, ம போன்ற ஒலிகளே இல்லை என்பதும் வேகமாகச் சொல்லப்பட்டன. செய்திகள் நன்றாக இருந்தாலும் உச்சரிப்புப் பயிற்சிக்கு இவை அவ்வளவாகத் தேவையில்லை.

அந்த நேரத்தை 'ஃப' எழுத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஒரு நாளைக்கு நூறு தடவை வாயில் வரும் ஒலி அது. ஐரோப்பியச் சொல்லில் இருந்த அந்த உரசொலியைத் தமிழர் "காப்பி" என்றும் மலாய்க்காரர் "கோப்பி" என்றும் பகரமாக்கிக்கொண்டோம். இரண்டு மொழியும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருப்பதை எடுத்துக்கொண்டே ஒரு மணி நேரம் பாடம் நடத்தலாம். கீழுதடு வகரத்தின் இடத்திலேயே இருக்க, குரலை நிறுத்திவிட்டு மூச்சை உரசவிட்டால் அந்த ஒலி என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். ஃபேரர் பார்க் என்பதை எங்கள் குழுவில் நான்கு பேர் கடைசி நாளன்றும் பகரத்தில்தான் தொடங்கினார்கள்.

மற்றபடி அறை சிறியது, குளிரூட்டியின் இரைச்சலில் அதிர்வுள்ள ஒலியையும் இல்லாததையும் பிரித்துக் கேட்பது பின்வரிசையில் கடினம். முன்னால் உட்காருங்கள். மின்தூக்கி இல்லாததால் முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துச் சேருவது நல்லது. இலக்கணம் நன்கு தெரிந்த ஆசிரியர்களுக்குப் பாதிப் பாடம் பழையதாக இருக்கும்; வீட்டில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் பெற்றோருக்கும், மேடையில் வாசிப்பவர்களுக்கும், திருமணத்தால் தமிழ்க் குடும்பத்துக்குள் வந்தவர்களுக்கும் 180 வெள்ளி மிகையில்லை. என் மகன் இப்போது சாப்பாட்டு மேசையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வாசிக்கிறான், வகரம் வரும் இடத்தில் நிறுத்தி, "அம்மா, பல்லு தெரியுதா?" என்று கேட்டுவிட்டுத் தொடர்கிறான். வகுப்பில் கொடுக்கும் கண்ணாடியில் உதடு முழுவதும் தெரிவதில்லை. சேருகிறவர்கள் உள்ளங்கை அளவுள்ள ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.